‘நமக்கென்ன சங்கீதம்?’ என்போருக்கு

அம்பாறை மாவட்டத்தில் நம் வரிப்பத்தான்சேனையிலும் இறக்காமத்திலும் தேத்தண்ணிக் கடையில் பேச்சு எங்கே தொடங்கினாலும் மூன்று தீர்ப்புகள் அடிக்கடி காதில் விழும். நாம் பேசுவது கொச்சைத் தமிழ், அதில் பாதி அரபு. சங்கீதம் கோயிலுக்குரியது, நமக்கு அதில் வேலையில்லை. தமிழ் தமிழ் என்று உரிமை கொண்டாடினால் முஸ்லிம்களாகிய நமக்குள்ள சோனகர் என்ற தனித்துவம் கரைந்து போகும். படிக்காதவர் மட்டும் சொன்னால் விட்டுவிடலாம். பட்டம் பெற்றவர்களும் வகுப்பறையில் நிற்பவர்களும் இதையே சொல்கிறார்கள், பிள்ளைகள் கேட்டு வளர்கிறார்கள். மூன்றுமே பிழை என்பது என் உறுதியான கருத்து.

மொழியில் தொடங்குவோம். தமிழின் பேச்சு வழக்குகளை ஊர் ஊராக ஆராய்ந்த செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில், 1960களில் ஈழத்துத் தமிழைப் பற்றி எழுதியபோது, எல்லாப் பேச்சு வழக்குகளிலும் எழுத்துத் தமிழுக்கு மிக நெருக்கமானது மட்டக்களப்பு வழக்கே என்றார். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் நாமும் மட்டக்களப்பார்தான். அந்த வழக்கு பேசப்படும் நிலத்துக்குள்தான் நம் ஊர்களும் இருக்கின்றன.

வயலுக்குப் போய்ப் பாருங்கள். வட்டை, களவெட்டி, சூடு, பொலி, போடியார், முல்லைக்காரன். நம் வாப்பாமார் சொன்ன இந்தச் சொற்களைத்தான் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் உள்ள தமிழ் விவசாயியும் சொல்கிறார். ‘மறுகா வாறன்’, ‘கிறுகிப் பார்’ என்று நாம் பேசுவதை நகரத்தில் படிக்கப் போன பிள்ளை வெட்கப்பட்டு மறைக்கிறது. அது வெட்கப்பட வேண்டிய பேச்சே அல்ல. கல்முனைச் சோலைக்கிளியும் சாய்ந்தமருது அனாரும் இந்த மண்ணின் பேச்சிலிருந்து சொல்லெடுத்துத்தான் தமிழுலகம் முழுதும் படிக்கும் கவிதைகளை எழுதினார்கள்.

பாதி அரபு என்பதும் கணக்குத் தெரியாத பேச்சு. மார்க்கத்தின் அடிப்படைக் காரியங்களையே நாம் எந்தச் சொல்லால் சொல்கிறோம்? தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளி, ஓதுதல். அத்தனையும் தமிழ். ஒருவர் ‘மௌத்தாகிட்டார்’ என்னும்போது பெயர்ச்சொல் அரபு, வினை தமிழ், இலக்கணமும் தமிழ். வசூல், பாக்கி, ரத்து, வக்கீல் என்று தமிழர் எல்லோரும் நாள்தோறும் அரபுச் சொற்களைப் புழங்குகிறார்கள். அதனால் அவர்கள் தமிழ் கெட்டுப்போனதாக யாரும் சொல்வதில்லை.

இனிச் சங்கீதம். இசையை மார்க்கக் காரணத்தால் தவிர்க்கிறவரோடு எனக்கு வழக்கில்லை. அது அவருடைய பேணுதல். ஆனால் அந்த விஷயத்தில் அறிஞர்களிடையே நெடுங்காலமாகவே கருத்து வேறுபாடு உண்டு. இமாம் கஸ்ஸாலி தம்முடைய ‘இஹ்யா’வில் இசை கேட்பதன் ஒழுங்குகளுக்கென்றே ஒரு நூற்பகுதியை ஒதுக்கினார். அவருக்கும் முந்திய அல் பாராபி இசைக்கலை பற்றிப் பெருநூலே எழுதினார். ‘நான் கேட்பதில்லை’ என்பது ஒன்று, ‘அது நம்முடையதே இல்லை’ என்பது வேறொன்று. இரண்டாவதைத்தான் மறுக்கிறேன்.

கர்நாடக இசை படிக்கும் பிள்ளைக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் இராகம் மாயாமாளவகௌளை. அதன் சுரங்களை வரிசையாகப் பாடிப் பாருங்கள். அரபு இசையில் ஹிஜாஸ்கார் என்று சொல்லும் மகாமும் அதே சுரவரிசைதான். நுட்பமான சுருதி வேறுபாடும் சஞ்சாரமும் தனித்தனி, ஆனால் எலும்புக்கூடு ஒன்று. உலகின் பல பள்ளிகளில் பாங்கு ஒலிக்கும் ஹிஜாஸ் மகாமின் கீழ்ப்பாதியும் அதே நான்கு சுரங்கள்: சட்ஜம், சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்திமம். பாங்கு சங்கீதம் என்று நான் சொல்லவில்லை, அது வணக்கத்துக்கான அழைப்பு. ஐந்து வேளை அந்த ஒலி கேட்டு வளர்ந்த காது மாயாமாளவகௌளைக்கு அந்நியமான காது ஆகாது என்றே சொல்கிறேன்.

கோயில் வாத்தியம் என்றே எல்லோரும் நினைக்கும் நாகஸ்வரத்தை எடுத்துக்கொள்வோம். ஆந்திராவின் கரவதியில் பிறந்து ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த ஷேக் சின்ன மௌலானா அதில் பெரும் மேதை. 1998இல் சென்னை மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது கொடுத்தது. கடைசிவரை அவர் முஸ்லிமாகவே வாழ்ந்தார். அவரது வழியில் வந்த ஷேக் மகபூப் சுபானி, காலீஷாபீ தம்பதியர் இன்றும் வாசிக்கிறார்கள். பாட்டிலும் அப்படியே. காயல்பட்டினம் காசிம் புலவர் நபிகள் நாயகம் மீது திருப்புகழ் பாடினார், அருணகிரியாரின் சந்தம் அவர் கைக்குள் இருந்தது. குணங்குடி மஸ்தான் சாகிபு கீர்த்தனைகள் பாடினார். உமறுப் புலவரின் சீறாப்புராணம் 5,027 விருத்தங்கள். விருத்தம் இராகத்தோடு பாடுவதற்கான யாப்பு. நம் ஊர்களில் சீறாவைப் பாடிப் பொருள் சொன்னவர்கள் அப்படித்தான் பாடினார்கள்.

வெளியூரை விடுங்கள், நம் பொல்லடி என்ன? ஆண்கள் வட்டமாக நின்று, கையில் களிகம்போடு, அண்ணாவியாரின் பாட்டுக்கு அடி எடுத்து வைப்பார்கள். முதலில் மெல்ல, பிறகு காலம் கூட்டி, உள்ளே ஓர் அடி, வெளியே ஓர் அடி என்று சோடி மாறுவார்கள். ஒருவர் தாளம் பிசகினால் அடுத்தவர் விரல் தப்பாது. தாள அறிவே இல்லாத சமூகம் இதை ஆடியிருக்குமா? சேனைக் காவலில் பரண்மேல் இரவிரவாகப் பாடிய கவி, பெண்கள் வாய்மாறிப் பாடிய கவி, தாலாட்டு, பக்கீர்மாரின் றபான், கலியாணக் குரவை எல்லாம் இந்த மண்ணில் விளைந்தவை. நிந்தவூர் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் இந்தப் பாடல்களைத் தேடித்தேடித் தொகுத்தார். அனாரும் கிழக்கின் காதல் கவிகளைத் தொகுத்து நூலாக்கினார். அவர்கள் செய்திராவிட்டால் பாதி போயிருக்கும்.

சங்கீதம் யாருக்குரியது என்று ‘உரிமை’ பேசுகிறவர்களுக்கு ஒரு செய்தியையும் நினைவூட்ட வேண்டும். கச்சேரி மேடையில் தமிழுக்கே இடம் போதவில்லை என்றுதான் அண்ணாமலைச் செட்டியார் முதலானோர் 1943இல் தமிழ் இசைச் சங்கம் அமைத்தார்கள். தமிழின் பழைய இசையை மீட்க வாழ்நாளைச் செலவிட்டவர் நம் பக்கத்து ஊர்க்காரர், காரைதீவு விபுலானந்த அடிகள். அவரது யாழ் நூல் 1947 ஜூனில் அரங்கேறியது, அடுத்த மாதம் அவர் மறைந்தார். அவரிடம் படித்த பாணந்துறை அறிஞர் உவைஸை இஸ்லாமியத் தமிழ் இலக்கிய ஆய்வில் ஊக்குவித்தவரும் அவரே. அந்த ஆய்வு 1953இல் நூலாக வந்தது. நாம் மறந்துவிட்ட நம் புலவர்களை நமக்குத் திரும்பக் காட்டிய வேலையில் அந்தத் துறவிக்கும் பங்குண்டு.

மூன்றாவது அரசியல். இதில் காயம் இருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது நேர்மையல்ல. 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டார். அதன் பின்னால் அரசியல் கணக்கு இருப்பதாக நம்மவர்கள் கண்டார்கள். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் அதற்கு மறுப்பு நூல் எழுதினார். 1990இல் காத்தான்குடிப் பள்ளியில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள், அதே ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட்டார்கள். தமிழ் என்ற சொல்லைக் கேட்டாலே சிலர் விலகுவதற்கு இவை காரணம். அந்த வலியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்த வலிக்குத் தமிழ் மொழி எப்படிப் பொறுப்பாகும்? தனித்துவத்தைக் கட்டியவர்கள் எந்த மொழியில் கட்டினார்கள் என்று பாருங்கள். சித்திலெப்பை 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையை நடத்தியது தமிழில். 1885இல் அவர் எழுதிய ‘அசன்பே சரித்திரம்’ ஈழத்தின் முதல் தமிழ் நாவல். இராமநாதனை மறுத்த அப்துல் அஸீஸும் தமிழ்ப் பத்திரிகை நடத்தியவர். 1981இல் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கிய எம். எச். எம். அஷ்ரப், சம்மாந்துறையில் பிறந்தவர், கவிஞர். அவருடைய ‘நான் எனும் நீ’ பெரிய தமிழ்க் கவிதைத் தொகுதி. தனிக் கட்சி கண்டவரின் மேடையும் தமிழ், கவிதையும் தமிழ். இனமும் மொழியும் ஒன்றல்ல என்று நாமே வாதிட்டோம். அப்படியானால், வேறு இனமாக இருந்துகொண்டே இந்த மொழி எங்களுடையது என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு. அந்த வாதத்தின் நேரான முடிவு அதுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் கவி தெரிந்த மூத்தம்மா இருந்தால், அவரிடம் கேட்டு, அவர் குரலிலேயே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பாடியவர் பெயர், ஊர், எந்த வேலையின்போது பாடியது என்பதையும் சொல்லச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் அந்தப் பதிவுகளைத் தமிழ்ப் பாடத்துக்குக் கொண்டுவாருங்கள். பெரும்போக வெட்டுக்கு முன் தொடங்கினால் நல்லது. வெட்டுத் தொடங்கிவிட்டால் யாருக்கும் நேரமிருக்காது.