ஜப்பான் பொம்மையும் நமது கடைகளும்



பழவேற்காடு, லைட்ஹவுஸ் குப்பம் பக்கத்துப் பிள்ளைகள் இன்று நருட்டோ சாவிக்கொத்து, டிராகன் பால் பனியன் என்று பெயர் சொல்லியே கேட்கிறார்கள். 2025 செப்டம்பரில் ‘டீமன் ஸ்லேயர்’ படம் தமிழ் பேசியே திரையரங்குகளுக்கு வந்தது. நம்மிடம் சரக்கு இல்லையென்றால் கைப்பேசியில் ஆர்டர் போட்டுவிடுகிறார்கள்.

ஆன்லைனை ஏசிப் பயனில்லை. ஆனால் அங்கே மலிவாக வருவதில் போலி ஏராளம். இறால் விற்ற காசு வீணாகிறது. விற்பவர் பெயர், முகவரி, தயாரான நாடு ஆகியவற்றைக் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. இவை இல்லாத இடத்தில் வாங்காதீர்கள் என்று நாமே பெற்றோரிடம் சொல்வோம்.

அதே அளவுகோல் நமக்கும் உண்டு. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். படம் அச்சடித்த மட்டச் சரக்கை அசல் என்று விற்கக்கூடாது. அசல் எது, போலி எது என்று அந்தப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். ஒருமுறை ஏமாந்தால் அரிசி, பருப்புக்கும் நம் கடைப்படி ஏறமாட்டார்கள்.

சிறுகடைக்காரர் தனியே பெட்டி எடுக்க முடியாது. நாலைந்து கடைகள் சேர்ந்து, பில் தரும் இறக்குமதியாளரிடம் ஒரு பெட்டி எடுத்துப் பிரித்துக்கொள்ளலாம். விலை கூடியதை முன்பணம் பெற்று வரவழைக்கலாம்.

1613-ல் டச்சுக் கோட்டை எழுந்த ஊர் பழவேற்காடு. சோழமண்டலக் கரைத் துணிகள் டச்சுக் கப்பல்களில் ஜப்பான் வரை போயின. தரத்தால் பெயர் வாங்கிய கரை இது. அந்தப் பெயரைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.