கோட்டைக்கு எதிரே ஒரு பதநீர்க் கடை!

பிரான்சு நாட்டில் போர்தோ என்று ஒரு பழைய நகரம் இருக்கிறது. ஒயினுக்குப் பெயர் போன ஊர். அதன் பழைய கட்டிடங்களும் வீதிகளும் உலகத்தின் சொத்து என்று யுனெஸ்கோ 2007-ல் அறிவித்தது.

அங்கே போகிறவர்கள் மாதா கோவிலைப் பார்ப்பார்கள். ஆற்றங்கரையில் நடப்பார்கள். பிறகு ஒயின் கடைக்குப் போய் உட்காருவார்கள்.

ஒயின் என்பது திராட்சைச் சாற்றைப் புளிக்க வைத்து எடுக்கும் மது. அதிலும் இப்போது ஒரு புது மோகம். ரசாயன உரம் போடாத, பூச்சி மருந்து அடிக்காத தோட்டத்துத் திராட்சையில் செய்த ஒயின்தான் வேண்டும் என்கிறார்கள். அதற்குப் பெயர் "ஆர்கானிக் ஒயின்". ஐரோப்பாவில் 2012-ல் இதற்குத் தனிச் சட்டமே போட்டார்கள். ஒயின் கெடாமல் இருக்க கந்தகச் சத்து சேர்ப்பது வழக்கம். சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் அது இருந்தால் "ஆர்கானிக்" என்று எழுதக்கூடாது என்பது அந்தச் சட்டம்.

"அது அவர்கள் ஊர்ச் சங்கதி. நமக்கு என்ன?" என்று கேட்கிறீர்களா?

நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

நம் ஊர் மரம்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு இருக்கிறது. ஒரு பக்கம் ஜவ்வாது மலை. மறுபக்கம் பாலாறு. இந்த வட்டாரத்தில் வரப்பு ஓரத்திலும் ஏரிக் கரையிலும் பனை மரங்கள் நிற்கின்றன.

பனைக்கு யார் உரம் போட்டார்கள்? யார் மருந்து அடித்தார்கள்? யாரும் இல்லை. தண்ணீர் கூட ஊற்றுவது இல்லை. மழையில் நனைந்து, வெயிலில் காய்ந்து, தானாக வளருகிறது. "ஆர்கானிக்" என்ற பெயருக்கு இதைவிடப் பொருத்தமான மரம் எது?

அந்த மரம் தரும் பானம்தான் பதநீர்.

பனை ஏறுகிறவர் காலையிலும் மாலையிலும் மரம் ஏறுகிறார். பாளையை மெல்லியதாகச் சீவுகிறார். அதில் சொட்டும் நீர் கலயத்தில் விழுகிறது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவி இருந்தால் அது பதநீர். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சில மணி நேரத்தில் புளித்து விடும். அப்போது அது கள். ஒரே மரம், ஒரே பாளை. ஒரு விரல் சுண்ணாம்புதான் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது!

சுண்ணாம்பு நம் பக்கத்து மக்களுக்குத் தெரியாத பொருளா? ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் தோல் முடியை நீக்க சுண்ணாம்பில்தானே ஊற வைக்கிறார்கள்! அங்கே தோலைப் பதப்படுத்த உதவுகிற அதே சுண்ணாம்பு, இங்கே ஒரு பானம் போதை ஆகாமல் காக்கிறது.

தோல் தொழில் பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. ஆனால் பாலாற்றுத் தண்ணீரையும் கெடுத்தது. அதற்காக 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்ல வேண்டி வந்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் தீர்ப்பு சொன்னது. பனைத் தொழிலில் அந்தக் குறை இல்லை. அது எந்தக் கிணற்றையும் கெடுப்பது இல்லை.

கள்ளும் பதநீரும்

1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைக் கொண்டு வந்தார். 1939-ல் அது வட ஆர்க்காடு ஜில்லாவுக்கும் வந்தது. அப்போதே ஒரு கேள்வி எழுந்தது. "கள் இறக்கியவர்கள் பிழைப்புக்கு என்ன செய்வார்கள்?" பதநீர் இறக்கட்டும், வெல்லம் காய்ச்சட்டும் என்பது பதில். காந்தியடிகள் 1934-ல் தொடங்கிய கிராமத் தொழில் சங்கமும் பனை வெல்லத்தை ஆதரித்தது. அதை நடத்தியவர் தமிழரான ஜே.சி.குமரப்பா.

பிறகு என்ன ஆயிற்று? 1971-ல் மதுவிலக்கு தளர்ந்தது. மீண்டும் வந்தது. மீண்டும் தளர்ந்தது. 1987-ல் கள்ளுக்குத் தடை வந்தது. 2003-ல் மதுக் கடைகளை அரசு நிறுவனமே நடத்தத் தொடங்கியது. 2023 ஜூன் மாதம் 500 கடைகளை மூடினார்கள். அப்படியும் 4,829 கடைகள் மீதி இருந்தன!

இதைக் காட்டி, "பாட்டில் மதுவை விற்கலாம், கள்ளை விற்கக்கூடாதா? கேரளத்தில் விற்கவில்லையா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. இயற்கையாக வந்தது என்பதால் போதை இல்லாமல் போய்விடாது. ஆர்கானிக் ஒயினும் தலையைச் சுற்றும். கள்ளும் சுற்றும். கூலிப் பணம் கடைக்குப் போனால், அது எந்தக் கடையாக இருந்தாலும் வீட்டில் அடுப்பு எரியாது. இது பெண்களுக்குத் தெரியும்.

கள்ளச்சாராயத்தின் கொடுமையோ சொல்லி முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 65 பேருக்கு மேல் பலி வாங்கியது. அணைக்கட்டை ஒட்டிய மலைப் பக்கத்திலும் போலீசார் சாராய ஊறலைத் தேடி அழிப்பது அடிக்கடி வரும் செய்தி.

ஆகவே கள் பற்றிய வழக்கு ஒரு பக்கம் நடக்கட்டும். வழக்கே இல்லாத பதநீருக்கு நாம் என்ன செய்தோம்? அதுதான் என் கேள்வி.

ஏன் கடை இல்லை?

வேலூர் நகரின் நடுவே கோட்டை இருக்கிறது. 16-ம் நூற்றாண்டில் கட்டியது. 133 ஏக்கர் பரப்பு. சுற்றிலும் அகழி. உள்ளே ஜலகண்டேசுவரர் கோவில். 1806 ஜூலை 10-ந் தேதி வெள்ளையரை எதிர்த்துச் சிப்பாய்கள் பொங்கி எழுந்த இடம்.

இதைப் பார்க்க வெளியூரில் இருந்து மக்கள் வருகிறார்கள். ஆஸ்பத்திரிக்காக வங்காளத்தில் இருந்தும் அசாமில் இருந்தும் வந்து தங்குகிறவர்களும் ஏராளம். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டாம்! அவர்கள் குடிக்க என்ன கிடைக்கிறது? கலர் தண்ணீர் பாட்டில்.

ஆம்பூர் பிரியாணிக்கு ஊர் ஊராகக் கடை இருக்கிறது. அணைக்கட்டுப் பதநீருக்கு வேலூரிலேயே நல்ல கடை கிடையாது. விற்கிறவர் சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டு சாலை ஓரத்தில் நிற்கிறார். வெயில் ஏறினால் பதநீர் கெட்டு விடும் என்று கிடைத்த விலைக்குக் கொடுத்து விட்டுப் போகிறார். சிலர் சக்கரினையும் தண்ணீரையும் கலந்து பதநீர் என்று விற்பதால், நல்லதை விற்கிறவர் மீதும் நம்பிக்கை போய்விட்டது.

இங்கேதான் வெள்ளைக்காரனிடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது. அவன் பாட்டிலில் எந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று எழுதுகிறான். குடிக்கிறவன் நம்பி வாங்குகிறான்.

நாமும் எழுதலாமே! கோட்டைக்கு எதிரே ஒரு சுத்தமான கடை. ஐஸ் பெட்டி. நல்ல சுண்ணாம்பு, அளவான சுண்ணாம்பு. வாசலில் ஒரு பலகை. "அணைக்கட்டு ஊராட்சி ஒன்றியம். இன்று காலை 6 மணிக்கு இறக்கியது." இவ்வளவு போதும். பனை ஏறுகிறவர்களே கூட்டுறவு சங்கமாகச் சேர்ந்து நடத்தலாம். மாநகராட்சியாரும் கலெக்டரும் இடம் கொடுத்தால் போதும். மாசி முதல் ஆனி வரை பதநீர். மற்ற மாதங்களில் பனை வெல்லம், பனங்கிழங்கு, சுக்குக் காப்பி.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் பதநீரை அளவில்லாமல் குடிக்கக்கூடாது. அதில் இனிப்பு அதிகம். இதையும் அந்தப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். உண்மை சொல்கிற கடைக்குத்தான் மறுபடியும் ஆள் வரும்.

மரம் நிற்க வேண்டுமானால்...

பனை நம் மாநில மரம். அதை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் வேளாண்மை பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 76 லட்சம் பனை விதைகள் கொடுப்பதாகவும் சொன்னார்கள். நல்ல காரியம்.

ஆனால் விதைத்த பனை பலன் தர பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். அப்போது ஏற ஆள் இருப்பானா? "என் மகன் மரம் ஏற வேண்டாம்" என்று தகப்பனே சொல்கிறான். விழுந்தால் உயிர் போகிற வேலை. வருமானமோ அரை வயிற்றுக்கு. ஏற ஆள் இல்லாத மரம் செங்கல் சூளைக்குத்தான் போகும். சட்டம் கோடாரியைத் தடுக்கலாம். மரத்துக்கு மதிப்பு வந்தால்தான் அது நிலைக்கும்.

மது விற்க ஆயிரக்கணக்கில் கடை திறக்க முடிந்த நாட்டில், பதநீருக்கு ஊருக்கு ஒரு கடை திறக்க முடியாதா? கணவனும் மனைவியும் பிள்ளைகளும் சேர்ந்து போய், பனை ஓலைப் பட்டையில் வாங்கிக் குடித்து விட்டு, தலை நிமிர்ந்து வீடு திரும்பக்கூடிய கடை அது. முதல் கடை வேலூரில் வரட்டும்.