காட்டைக் காப்பவர்க்குக் காணி வேண்டாமா?

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நாம் அண்ணாந்து பார்க்கும் மேகமலைக் காடுகளில் பளியர் தேனெடுத்தும் கிழங்கு அகழ்ந்தும் தலைமுறைகளாய் வாழ்கின்றனர். 2021-இல் அக்காடுகள் புலிகள் காப்பகமாயின. புலிகள் வாழட்டும், மனிதர் எங்கே செல்வர்?

2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், அவர்கள் உழுதுவரும் நிலத்திற்கு நான்கு ஹெக்டேர் வரை உரிமை தருகிறது. கணவன் பெயரோடு மனைவி பெயரும் பட்டாவில் ஏறவேண்டும் என்கிறது. பெண்களாகிய நமக்கு இது பெருமையன்றோ! உரிமை விசாரணை முடியுமுன் எவரையும் வெளியேற்றலாகாது என்றும் விதிக்கிறது.

ஆனால் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? நாளை துரத்தப்படுவோமோ என்று அஞ்சுபவர் இன்று மரம் நடுவாரா? தமதென்று அறிந்தவரே காட்டைப் பேணுவர். வைகைக்கு நீர் தரும் மலையைக் காப்பவர் கையில் பட்டா விரைவில் சேரட்டும்!