உப்பு அள்ளியவரும் உப்பளத்துப் பிள்ளைகளும்

மரக்காணம் உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஆய்வு செய்கிறேன் என்றால், படித்தவர்கள் பலர் உடனே வேதாரண்யத்தைப் பேசுகிறார்கள். 1930 ஏப்ரலில் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துபோய் உப்பு அள்ளிச் சிறை சென்றார். மறுக்கவில்லை. 23 ஆண்டு கழித்து, உப்பு வாருகிறவரின் பிள்ளைக்கு அதே ராஜாஜி என்ன வழி சொன்னார் என்பதையும் பேச வேண்டாமா?

இடையில் அவர் ஏறிய படிகளைப் பாருங்கள். 1947இல் மேற்கு வங்க ஆளுநர். 1948இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். 1950இல் மத்திய அமைச்சர். படேல் மறைந்ததும் உள்துறை. 1952 தேர்தலில் அவர் நிற்கவே இல்லை. ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார். சென்னை மாநில முதலமைச்சர் ஆகிவிட்டார். ஆளுநராக இருந்தவருக்கு இன்னொரு ஆளுநரின் கையெழுத்து போதுமானதாக இருந்தது.

1953இல் வந்தது கல்வித் திட்டம். கிராமத்துப் பிள்ளைக்குப் பள்ளி 3 மணி நேரம்; மீதி நேரம் அப்பன் தொழில். மரக்காணத்தில் அப்பன் தொழில் என்றால், கொளுத்தும் வெயிலில் பாத்தியில் இறங்கி உப்பு வாருவது, சுமந்துபோய் அம்பாரம் கட்டுவது. அதில் நுட்பம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலெல்லாம் வெடித்துக் கிடக்கும் எந்தத் தாயும் தன் பிள்ளை இதையே கற்கட்டும் என்று என்னிடம் சொன்னதில்லை. மழைக்காலத்தில் அந்த வேலையும் கிடையாது. இன்று அரசு தரும் 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணமும் அன்றைக்கு இல்லை.

பணமில்லை, ஆசிரியரில்லை, அதனால்தான் இரண்டு ஷிப்ட் என்று இன்றும் வாதாடுகிறார்கள். இருக்கட்டும். பணமில்லாததற்கும் அப்பன் தொழிலுக்கும் என்ன சம்பந்தம்? கிராமத்துக்கு மட்டும் ஏன்? நகரத்து அதிகாரியின் பிள்ளை முழுநாளும் படித்ததே!

ராஜாஜியின் தந்தை தொரப்பள்ளி கிராம முன்சீப். மகன் முன்சீப் வேலையோடு நின்றாரா? கல்லூரி போனார், வக்கீலானார், கவர்னர் ஜெனரல் வரை போனார். தன் அப்பன் தொழிலைத் தாண்டியவர்தான் ஊரார் பிள்ளைகளை அப்பன் தொழிலுக்கு அனுப்பினார். பெரியாரும் தி.மு.க.வும் குலக்கல்வி என்று சொல்லி எதிர்த்தார்கள். சொந்தக் கட்சியிலேயே எதிர்ப்பு. 1954 ஏப்ரலில் காமராசர் வந்தார், திட்டம் போனது.

போனதா? 2023இல் ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டம் கொண்டுவந்தது. 18 தொழில்கள், குடும்பவழித் தொழிலாக இருக்க வேண்டும், 18 வயதானால் போதும். தமிழ்நாடு அரசு ஏற்க மறுத்தது. உப்பு வாருவது அந்தப் பட்டியலில் இல்லை. மரக்காணம் மீனவக் குப்பங்களுக்கான வலைப் பின்னல் இருக்கிறது. 18 வயது கல்லூரியில் சேரும் வயது தோழர்களே.