குப்பைத் தொட்டிக்குள் விழுந்த நீல ஒளி



சென்ற இதழில் வந்த காமா கதிர் கட்டுரையைப் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி அஞ்சலட்டை போட்டிருக்கிறாள். “காமா கதிர் காற்றைத் தாண்டித் தரைக்கு வராது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் லடாக்கில் தரையில் நிற்கிற காமா கதிர்த் தொலைநோக்கி எதைப் பார்க்கிறது?” எங்கள் கட்டுரை சொல்லாமல் விட்ட இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டாள். இந்த மாதம் இந்தப் பக்கம் அவளுக்குத்தான்.

அந்தக் கதிர் காற்றில் மாயும்போது உண்டாகும் வெளிச்சத்தைத்தான் தொலைநோக்கி பார்க்கிறது. மிகுந்த ஆற்றலோடு வரும் காமா கதிர், தரைக்குப் பல கிலோமீட்டர் மேலேயே காற்றில் மோதி, ஓர் எலெக்ட்ரானாகவும் அதன் எதிர்த்துகளான ஒரு பாசிட்ரானாகவும் பிரிகிறது. அவை மீண்டும் காமா கதிர்களைப் பிறப்பிக்க, அக்கதிர்கள் மீண்டும் பிரிய, ஒன்று ஆயிரமாகி மழைபோல் இறங்குகிறது. காற்றுக்குள் ஒளி செல்லும் வேகத்தைவிட இந்தத் துகள்கள் விரைந்து ஓடுகின்றன. வேகமாகப் போகும் படகு பின்னால் அலையை விரித்துக்கொண்டு போகுமே, அதுபோல இவை நீல ஒளியை விரித்துக்கொண்டு வருகின்றன. செரன்கோவ் ஒளி என்று இதற்குப் பெயர். துகள் மழை வழியிலேயே ஓய்ந்துபோனாலும் ஒளி தரைக்கு வந்துவிடும். ஒரு நொடியை நூறு கோடியாகப் பங்கிட்டால் அதில் சில பங்கு நேரமே அது இருக்கும். நம் கண்ணுக்குத் தட்டுப்படாது.

இதை முதலில் பிடித்த கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1952-ல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் கால்பிரெய்த், ஜெல்லி என்ற இருவர் ஒரு குப்பைத் தொட்டியை எடுத்து, உள்ளே 25 சென்டிமீட்டர் ஆடியையும் ஒளியை உணரும் ஒரு குழலையும் வைத்து, இருட்டில் வானத்தைப் பார்க்க வைத்தார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மின்துடிப்பு வந்துகொண்டே இருந்தது. மேலே துகள் மழை பெய்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆனால் அந்த ஒளி மின்னல்களில் மிகப் பெரும்பாலானவை, விண்ணிலிருந்து வரும் வேறு துகள்களான காஸ்மிக் கதிர்கள் உண்டாக்குபவை. வைக்கோற்போரில் ஊசியாகக் காமா கதிரைத் தேட வேண்டும். நம் ஊட்டியிலும் தேடினார்கள். 1969-ல் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் சர்ச் லைட்டின் ஆடிகளை வானத்துக்குத் திருப்பி, சீராகத் துடிக்கும் பல்சர் விண்மீன்களிலிருந்து காமா கதிர் வருகிறதா என்று இரவுகளில் கண்விழித்தார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் 10 மீட்டர் ஆடியோடு விப்பிள் தொலைநோக்கி 1968-லேயே தயாராகிவிட்டது. ஐயத்துக்கு இடமின்றி ஒரு காமா கதிர் மூலத்தை அது கண்டது 1989-ல். 21 ஆண்டுகள்! மின்னலின் உருவத்தையே 37 புள்ளிகளில் படமெடுத்து, ஒல்லியாகச் சீராக இருப்பது காமா, சிதறிக் கிடப்பது காஸ்மிக் என்று பிரிக்கக் கற்ற பிறகுதான் அது முடிந்தது. அன்று பிடிபட்டது நண்டு நெபுலா, 1054-ல் சீனர்கள் பகலிலும் கண்டு குறித்துவைத்த விண்மீன் வெடிப்பின் மிச்சம்.

1989-ஐக் கொண்டாடுகிறவர்கள் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. உறுதியான விடை கிடைக்காமலே இரவுகளைக் கழித்த அந்தக் கைகளுக்கும் இதில் சம பங்கு உண்டு.

லடாக்கின் ஹான்லேயில், 4,270 மீட்டர் உயரத்தில் நிற்கிறது மாணவி கேட்ட அந்தத் தொலைநோக்கி; பெயர் மேஸ். 21 மீட்டர் ஆடி, 1,088 புள்ளிகள் கொண்ட கேமரா. 2024 அக்டோபர் 4 அன்று திறந்துவைத்தார்கள். ஆசியாவில் இந்த வகையில் இதுவே பெரியது.

மகளே, வரும் மார்கழியில் நிலவில்லாத ஓர் இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடிக்குப் போ. கிழக்கே நல்ல உயரத்தில் செம்மையாகத் தெரிவது ரோகிணி விண்மீன். அதற்குக் கீழே, கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில்தான் நண்டு நெபுலா இருக்கிறது. பார்த்துவிட்டு, அடுத்த கேள்வியை எழுதி அனுப்பு.

அன்புடன்,
ஆசிரியர்