பட்டாளத்து லாரி வீடாகலாமா?

ஒரு லாரி. ஒரு காலத்தில் அதில் சிப்பாய்கள் ஏறிப் போனார்கள். இன்று அதே லாரியில் ஒரு குடும்பம் சமைக்கிறது, சாப்பிடுகிறது, தூங்குகிறது. காலையில் கண் விழித்தால் எதிரே மலை. மறுநாள் விழித்தால் எதிரே கடல்!

இது கதை அல்ல. ஜெர்மனி நாட்டில் பலர் இப்படிச் செய்கிறார்கள். பட்டாளம் கழித்துவிட்ட பழைய லாரியை வாங்கி, ஓடும் வீடாக மாற்றிக் கொள்கிறார்கள்.

இது நல்ல காரியமா? வீண் வேலையா?

நல்ல காரியம்தான். ஆனால், லாரியை வாங்கும் முன்பு ஒரு கணக்குப் போட வேண்டும். அது பணக் கணக்கு மட்டும் அல்ல, எடைக் கணக்கு!

உழவுக்குப் பிறந்த வண்டி

இப்படி வீடாக மாறும் லாரிகளில் பெயர் பெற்றது "உனிமோக்".

இந்த வண்டி பிறந்த விதமே வேடிக்கையானது. இரண்டாவது உலகப்போர் 1945-ம் ஆண்டு முடிந்தது. ஜெர்மனி தோற்றது. நகரங்கள் இடிந்து கிடந்தன. உணவுக்குப் பஞ்சம். அப்போது ஆல்பர்ட் பிரீட்ரிக் என்ற என்ஜினீயர் ஒரு வண்டிக்குத் திட்டம் போட்டார். அதற்கு முன்பு அவர் விமான எஞ்சின் வேலையில் இருந்தவர்.

வயலில் உழவும் வேண்டும். சாலையில் சுமை ஏற்றிப் போகவும் வேண்டும். இதுதான் அவருடைய எண்ணம். இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் நடுவே 1,270 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தார். ஏன் தெரியுமா? இரண்டு உருளைக்கிழங்கு வரிசைகளின் அகலம் அது!

1951-ல் டைம்லர்-பென்ஸ் கம்பெனி உனிமோக்கைத் தயாரிக்கும் பொறுப்பை ஏற்றது. 1955-ல் மேற்கு ஜெர்மனியில் புதிய பட்டாளம் அமைந்தது. பட்டாளமும் உனிமோக்கை ஆயிரக்கணக்கில் வாங்கியது. உழவுக்குப் பிறந்த வண்டி, பச்சை வர்ணம் பூசிக்கொண்டு பட்டாளத்தில் சேர்ந்தது! சில வண்டிகள் காயம்பட்டவர்களை ஏற்றும் ஆம்புலன்சாக ஓடின.

இப்படிப்பட்ட வண்டியை உடைத்துப் பழைய இரும்பாக விற்பதைவிட, ஒரு குடும்பம் வாழும் இடமாக மாற்றுவது மேல் அல்லவா? காயம்பட்டவர்களுக்காகச் செய்த வண்டியில் ஒரு குழந்தை நிம்மதியாகத் தூங்கினால், அதைவிட நல்ல மாறுதல் எது?

விலையைக் கண்டு மயங்கலாமா?

பட்டாளத்துப் பழைய சாமான்களை விற்பதற்கு ஜெர்மன் அரசாங்கத்துக்குச் சொந்தமான ஒரு கம்பெனி இருக்கிறது. அதன் பெயர் "வெபெக்". அதிக விலை கேட்பவருக்குப் பொருள் கிடைக்கும்.

புதிய மோட்டார் வீட்டின் விலையோடு பார்த்தால், பழைய லாரி மலிவுதான். ஆனால், லாரி வாங்குவது ஆரம்பம், முடிவு அல்ல. டயர் பழசாக இருக்கும். துரு இருக்கும். பிரேக்கைப் பார்க்க வேண்டும். பட்டாளத்து வண்டியின் மின்சாரம் 24 வோல்ட். வீட்டுக்கு வாங்கும் விளக்கும் பம்பும் பெரும்பாலும் 12 வோல்ட். அதற்கும் வழி செய்ய வேண்டும்.

2 டன்னுக்குள் குடித்தனம்

பலரும் விரும்பி வாங்குவது "யு-1300-எல்" என்ற உனிமோக். சுமையோடு சேர்த்து இதன் மொத்த எடை 7.5 டன். 2 டன் சுமை ஏற்றலாம் என்று பட்டாளம் வகுத்தது.

2 டன் நிறையத்தானே என்று தோன்றும். கணக்குப் பாருங்கள். சுவர், கூரை, தரை, கட்டில், அலமாரி, அடுப்பு, பாட்டரி. 200 லிட்டர் தண்ணீர் வைத்தால், அதுவே 200 கிலோ. பாத்திரம், பண்டம், துணிமணி. கடைசியில், அதில் ஏறும் குடும்பம்! எல்லாம் அந்த 2 டன்னுக்குள் அடங்க வேண்டும்.

அடங்காவிட்டால் லைசென்ஸ் தொல்லை வரும். 1999-க்கு முன்பு கார் லைசென்ஸ் எடுத்த ஜெர்மானியர், 7.5 டன் வரை லாரி ஓட்டலாம். அதற்குப் பிறகு எடுத்தவர், கார் லைசென்சை வைத்துக்கொண்டு 3.5 டன் வரைதான் ஓட்டலாம். அப்பா ஓட்டும் வண்டியை மகன் ஓட்ட முடியாது! அவன் தனி லைசென்ஸ் எடுக்க வேண்டும்.

முக்காலி ஆடாது

மேடு பள்ளத்தில் போகும்போது உனிமோக்கின் அடிச்சட்டம் முறுக்கிக் கொள்ளும். அது குறை அல்ல. சக்கரங்கள் தரையை விடாமல் பிடிப்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

அந்தச் சட்டத்தின் மேல் வீட்டை வைத்து, போல்ட்டுப் போட்டு இறுக்கினால் என்ன ஆகும்? சட்டத்தோடு சுவரும் முறுக்கும். மூலை விரியும். கதவு திறக்காது.

இதற்கு ஒரு வழி உண்டு. வீட்டை மூன்று இடங்களில் மட்டும் தாங்கச் செய்கிறார்கள். அந்த இடங்களில் அசைந்து கொடுக்கும் மூட்டு இருக்கும். சமமில்லாத தரையில் நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. அதே தத்துவம்தான்!

குழந்தைக்கு இடம் எங்கே?

டிரைவர் இருக்கும் முன்பகுதியில் இரண்டு மூன்று பேர்தான் உட்காரலாம். மற்றவர்கள்? பின்னால் கட்டிலில் குழந்தைகளை உட்காரவைத்து ஓட்டுவது பெரிய தவறு. பெல்ட் உள்ள ஆசனம் வேண்டும். அது பரிசோதகர் பார்த்து ஒப்புக்கொண்ட ஆசனமாகவும் இருக்க வேண்டும்.

"எடைக்கு ஒரு சட்டம், ஆசனத்துக்கு ஒரு சட்டமா? கனவைக் கெடுக்கிறார்களே!" என்று சிலர் சலித்துக் கொள்கிறார்கள்.

இது சரி அல்ல. ஆபத்து இருக்கும் என்று தெரிந்தே சிப்பாய் லாரியில் ஏறினான். அது அவன் தொழில். குழந்தை அப்படியா ஏறுகிறது? அப்பாவை நம்பி ஏறுகிறது!

ஆகவே, ஆசைப்படுகிறவர் முதலில் ஒரு தாளை எடுக்கட்டும். வைக்கப்போகும் ஒவ்வொரு பொருளின் எடையையும் எழுதிக் கூட்டட்டும். வீட்டில் எத்தனை பேர், எத்தனை ஆசனம் என்று எண்ணட்டும். கணக்குச் சரியாக வந்தால் லாரிக்கு விலை கேட்கட்டும். சரியாக வராவிட்டால், அந்த லாரியை விட்டுவிடுவதே அந்தக் குடும்பத்துக்கு நல்லது.