சனியும் ஞாயிறும் பெர்லினில்

புதிய ஊருக்குக் குடிபோனவருக்கு வாரத்தின் முதல் ஐந்து நாட்கள் அவ்வளவு கஷ்டமானவை அல்ல. காரியாலயமோ கலாசாலையோ அவரை விழுங்கிக்கொள்ளும். அவருடைய மனத் திடத்தைப் பரீட்சை பார்ப்பவை எஞ்சிய இரண்டு நாட்களே. வேலை ஓய்ந்த வேளையில்தான், "இவ்வூரில் நமக்கு யார் இருக்கிறார்கள்?" என்ற கேள்வி தலை தூக்குகிறது. படிப்பை முன்னிட்டும் உத்தியோகத்தை முன்னிட்டும் நம் இளைஞர்களும் யுவதிகளும் ஜெர்மனிக்குப் பிரயாணமாகும் இக்காலத்தில், பெர்லின் நகரத்துச் சனி ஞாயிறுகளைப் பற்றிச் சற்று விசாரித்து அறிவது, போகிறவர்களுக்கும், அவர்களை அனுப்பிவிட்டு வீட்டிலிருப்பவர்களுக்கும் ஒருங்கே பயன்படும்.

முதலில் அறியவேண்டியது ஞாயிற்றுக்கிழமையின் மகிமை. அன்று கடைகள் அடைத்துக் கிடக்கும். பெரிய ரயில் நிலையங்களிலுள்ள கடைகளும், வருஷத்தில் சில விசேஷ ஞாயிறுகளும் போன்றவை விலக்கு. சனிக்கிழமையே அரிசியும் பாலும் வாங்கி வைக்கத் தவறியவருக்கு, மறுநாள் பஞ்சாங்கத்தில் இல்லாத ஏகாதசி! இது வெறும் வழக்கமன்று, அரசியல் சட்டம். ஞாயிறும் அங்கீகரிக்கப்பட்ட விடுமுறை நாட்களும் உழைப்பினின்று ஓய்வுக்கும் உள்ளத்தின் உயர்வுக்கும் உரியவை என்று 1919-ஆம் வருஷத்து வைமார் அரசியல் சட்டம் விதித்தது. 1949-இல் ஏற்பட்ட அடிப்படைச் சட்டம் அந்த விதியை அப்படியே தன்னுள் சேர்த்துக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளிலும் கடை திறக்கப் பெர்லின் சட்டம் அனுமதித்தபோது, அது செல்லாதென்று ஜெர்மனியின் அரசியல் சட்ட நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்தது. கடைச் சிப்பந்தியும் தன் மனைவி மக்களோடு ஒரு நாள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதில் அந்நாட்டார் கொண்டுள்ள பிடிவாதத்தை நாம் குறை கூறுவதற்கில்லை.

கடை மட்டுமா? சப்தத்துக்கும் அன்று விடுமுறை. சுவரில் துளையிடுவதும், புல் வெட்டும் யந்திரத்தை ஓட்டுவதும், காலிப் புட்டிகளைத் தெருத் தொட்டியில் கலகலவென்று கொட்டுவதும் ஆகாத காரியங்கள். டிசம்பர் மாதத்தில் மாலை நான்கு மணிக்குள் சூரியனும் அஸ்தமித்துவிடுகிறான். நம் ஊர் ஞாயிற்றுக்கிழமையின் இரைச்சலிலே வளர்ந்த பிள்ளை, அந்த நிசப்தத்தின் நடுவே ஒற்றை அறையில் அமர்ந்து, "இவர்களுக்கு நம்மைப் பிடிக்கவில்லை" என்று தீர்மானித்துவிடுகிறான். தீர்மானம் தவறு, ஆனால் அது தரும் துயரம் பொய்யன்று.

ஜெர்மானியருடைய சிநேகம் மெதுவாகப் பழுக்கும் பழம். அதற்கு அவர்கள் பாஷையே சாட்சி. நம்மைப் போலவே அவர்களுக்கும் 'நீ' என்றும் 'நீங்கள்' என்றும் இரண்டு உண்டு. 'டூ' என்பது முன்னது, 'ஸீ' என்பது பின்னது. புதியவர்களுக்குள் 'ஸீ' என்பதே மரியாதை. இனி 'டூ' என்றே பேசிக்கொள்ளலாம் என்று மூத்தவர் முன்வந்து சொல்வது சம்பிரதாயம். பெர்லினின் இளவட்டங்கள் எடுத்த எடுப்பிலேயே 'டூ' என்பார்கள் என்பதும் மெய்தான். ஆயினும் அந்தச் சொல் கிடைத்துவிட்டதாலேயே சிநேகமும் கிடைத்துவிட்டதென்று எண்ணலாகாது.

அழைப்பு வந்தால் அதற்கும் இலக்கணம் உண்டு. "ஒரு நாள் வீட்டுக்கு வாருங்கள்" என்ற பேச்சுக்குப் பொருள் குறைவு; "அடுத்த ஞாயிறு மூன்றரை மணிக்கு" என்றால் அது மெய்யான அழைப்பு. மூன்றரை என்றால் மூன்றரையேதான். அது காப்பியும் கேக்கும் பரிமாறும் வேளை. கையில் பூங்கொத்தோ சிறு பரிசோ கொண்டு போவது அழகு. புதுமனை புகுந்தவருக்கு ரொட்டியும் உப்பும் கொடுப்பது அவர்களுடைய பழைய மரபு. பிறந்தநாள் வாழ்த்தை ஒரு நாள் முந்திச் சொல்வது மட்டும் கூடாது, அபசகுனம் என்பார்கள். சகுனம் பார்ப்பதில் நாம் தனியர் அல்லர் என்று இதனால் தெரிகிறது.

நம்மவர் மனம் சுருங்கும் இடம் ஹோட்டல். சாப்பிட்டு முடிந்ததும் பரிமாறுகிறவர் வந்து, "சேர்த்தா, தனித்தனியா?" என்று கேட்பார். கணக்கைத்தான் கேட்கிறார். நண்பர்கள் எல்லாரும் கூசாமல் "தனித்தனி" என்று சொல்லி, அவரவர் உண்டதற்கு அவரவர் கொடுப்பார்கள். 'நான் கொடுக்கிறேன், நீ கொடாதே' என்று கையைப் பிடித்து இழுத்துச் சண்டையிடுவதையே அன்பென்று கற்ற நமக்கு இது வறட்சியாகத் தோன்றும். அவர்கள் கருத்தோ வேறு: கடன்பட்ட மனத்தோடு ஒருவர் எழுந்து போகவேண்டியதில்லை என்பதே. சொற்பப் பணத்தில் காலம் கழிக்கும் மாணவனுக்கு இந்த ஏற்பாடு ஒரு வகையில் பேருதவி அல்லவா?

அழைப்பில்லாதவருக்கும் பெர்லின் கதவடைப்பதில்லை. டெம்பெல்ஹோப் என்ற விமான நிலையம் 2008-இல் மூடப்பட்டு 2010-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 1948-49-இல் முற்றுகையிடப்பட்ட மேற்கு பெர்லினுக்கு உணவும் நிலக்கரியும் வந்து இறங்கிய இடங்களுள் அது ஒன்று. இன்று அந்த ஓடுபாதைகளில் சைக்கிள்கள் ஓடுகின்றன, காற்றாடிகள் பறக்கின்றன, குடும்பங்கள் புல்லில் அமர்ந்து உண்ணுகின்றன. அங்கே கட்டிடங்கள் எழுப்பும் யோசனையை நகரத்தார் 2014-இல் வாக்களித்துத் தடுத்துவிட்டார்கள். நகரைப் பிளந்து நின்ற சுவரின் ஓரத்து நிலமொன்று இப்போது மவுவர் பூங்கா என்ற பெயர் கொண்டு விளங்குகிறது. அங்கே ஞாயிறுதோறும் பழம்பொருட் சந்தை கூடுகிறது. நல்ல பருவத்தில், குரல் உள்ளவரும் இல்லாதவரும் ஜனத்திரளின் முன்னே துணிந்து பாடுகிறார்கள். கூட்டம் எல்லாரையும் கைதட்டி உற்சாகப்படுத்துகிறது. 1989 வரையில் காவற்காரர் துப்பாக்கி பிடித்து நின்ற எல்லை அது!

ஆனால் வேடிக்கை பார்ப்பது வேறு, உறவு கொள்வது வேறு. ஆயிரம் பேர் நடுவில் தனியாக அமர்ந்திருக்கவும் கூடும். உறவுக்கு வழி, 'பெராயின்' எனப்படும் சங்கங்கள். ஏழு பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்ளலாம் என்பது சட்டம். பாட்டுக்கும், பந்தாட்டத்துக்கும், சதுரங்கத்துக்கும், தோட்ட வேலைக்குமாக அந்நாட்டில் ஆறு லட்சத்துக்கு மேற்பட்ட சங்கங்கள் இருக்கின்றன. பெர்லினின் 12 வட்டாரங்களிலும் ஜனங்களின் கல்விக்கென ஒவ்வொரு பொதுப் பள்ளி உண்டு; அங்கே ஜெர்மன் மொழி கற்கலாம். இவற்றின் சூட்சுமம் ஒன்றே: அதே நாள், அதே வேளை, அதே முகங்கள். முதல் வாரம் தலையசைப்பு, நாலாம் வாரம் இரண்டு வார்த்தை, ஒரு வாரம் வராமற் போனால் "ஏன் காணோம்?" என்று ஒருவர் கேட்பார். அந்தக் கேள்வி பிறந்த தினமே அவ்வூர் நம் ஊராகத் தொடங்கிய தினம்.

நம்மவர் கூட்டுறவு வேண்டாமா என்று கேட்கலாம். அவசியம் வேண்டும். 1980-களில் இலங்கையின் துயரத்துக்குத் தப்பிக் கிழக்கு பெர்லின் வழியாக மேற்கே வந்து சேர்ந்த தமிழர் அநேகர். பிரிட்ஸ் பகுதியில் முருகனுக்குக் கோயிலும் இருக்கிறது. நம் பாஷை காதில் விழுந்து, ஒரு பிடி சோறும் கிடைத்தால் பாதி நோய் தீரும். ஆனால் மருந்தையே ஆகாரமாக்கிக்கொள்ளலாகாது. ஒரு நாள் நம்மவரோடு, ஒரு நாள் அவ்வூராரோடு என்று பங்கிட்டுக்கொள்வதே விவேகம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ஞாயிறு மாலை டெலிபோனில், "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறீர்கள். "ஆயிற்று, அம்மா" என்று பதில் வருகிறது. அநேகமாக அது மெய்யாகவும் இருக்கும். அதோடு நின்றுவிடாமல், "இன்று யாரோடு பேசினாய்?" என்றும் கேளுங்கள். பதில் வரச் சற்றுத் தாமதித்தால் கோபிக்க வேண்டாம், உபதேசமும் வேண்டாம். அடுத்த வாரமும் அதையே கேளுங்கள். என்றாவது ஒரு நாள் அந்தப் பக்கத்திலிருந்து, "பேச நேரமில்லை, அம்மா, வெளியே எனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்று பதில் வந்தால், வருத்தப்படாமல் டெலிபோனை வைத்துவிடுங்கள். அதைவிட நல்ல சமாசாரம் வேறில்லை.